டாக்டர் அம்பேத்கார் கண்ட குடியாட்சி

குடியாட்சி என்பது யாது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்து ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பது என்று தயங்காமல் விடை கூறுவர். பள்ளிப் புத்தகத்தில் அவ்வாறே அச்சிடப்பட்டுள்ளது. பெரியவர்களாகிய நாமும் விரலில் மை வைத்துக்கொண்டு வீடு திரும்பியதும் நம் கடமை முடிந்ததென்று அமைதி கொள்கிறோம். இவ்விடை பாதி விடையே என்று தம் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர் ஒருவர் இருந்தார். விந்தை யாதெனின், அவ்வாக்குரிமையை நாட்டு மக்கள் எல்லார்க்கும் சட்டத்தில் எழுதி வைத்த குழுவின் தலைவரும் அவரே. அவர்தாம் டாக்டர் பீமராவ் அம்பேத்கார். நாகபுரியில் குடியிருக்கும் நமக்கு அப்பெயர் நாள்தோறும் காதில் விழும் பெயர். ஆயினும் சிலையை அறிந்த அளவு வாழ்க்கையை நாம் அறிந்தோமில்லை என்பதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அவர் 1891 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், மத்திய இந்தியாவில் மௌ என்னும் இராணுவப் பாளையத்தில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார். பெற்றோருக்குப் பதினான்காவது மகவு. குடும்பத்தின் சொந்த ஊர் இரத்தினகிரி மாவட்டத்து அம்பவடே. தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட மகார் வகுப்பு. இளமையிலேயே தாயை இழந்த அவர், சாதாராவில் பள்ளிக்குச் சென்றபோது வகுப்பில் மற்றச் சிறுவரோடு அமரக் கூடாது. வீட்டிலிருந்து கோணிச் சாக்கு ஒன்றைக் கொண்டுபோய் மூலையில் விரித்து அமர்ந்து, மாலையில் அதைத் தம்முடனேயே எடுத்துவரல் வேண்டும். பள்ளியைப் பெருக்கும் ஆளும் அச்சாக்கைத் தொடமாட்டான். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திருப்பக் கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டால் உண்டு. சேவகன் வாராத நாளில் தண்ணீர் இல்லை. பிற்காலத்தில் அவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இதனைச் சினமின்றி, கணக்கு எழுதுவதுபோல் எழுதி வைத்திருக்கிறார். படிப்போர்க்குத்தான் சினம் பொங்குகிறது.

அக்குறிப்பில் உள்ள மற்றொரு நிகழ்ச்சி, ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நம்மால் எளிதில் கடந்துசெல்ல இயலாதது. 1901 ஆம் ஆண்டு. அவருக்குப் பத்து வயதுப் பருவம். தந்தையார் கோரேகாவ் என்னும் ஊரில் காசாளராக வேலை பார்த்து வந்தார். விடுமுறைக்கு அவரிடம் செல்லவேண்டிச் சிறுவர் சிலர் புத்தாடை அணிந்து, கையில் பணத்துடன் சாதாராவிலிருந்து ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினர். அழைத்துப்போக ஆள் வரவில்லை. தந்தைக்கு எழுதிய கடிதம் அவர் கையில் சேராமற் போயிற்று. நல்ல உடை உடுத்த பிள்ளைகள் தனியே நிற்பதைக் கண்ட நிலைய அதிகாரி அன்போடு அருகில் வந்து விசாரித்தார். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிப் பின்வாங்கித் தம் அறைக்குள் சென்றுவிட்டார். அரைமணி கழித்து மனம் இளகி, வண்டி பேச முன்வந்தார். இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லியும் எந்த வண்டிக்காரனும் அப்பிள்ளைகளுடன் அமர இசையவில்லை. முடிவில், பிள்ளைகளே வண்டியை ஓட்டுவது, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவது, கூலி இரட்டை என்று ஏற்பாடாயிற்று. கையில் சோறு இருந்தது. வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இல்லை. உண்ணாமலே இரவைக் கழித்து மறுநாள்தான் ஊர் சேர்ந்தனர்.

இங்கே ஒன்றை நினைக்கவேண்டும். ரயில் வண்டி எல்லாரையும் ஏற்றிக்கொண்டது. சீட்டின் விலை எல்லார்க்கும் ஒன்றே. நிலையத்தின் வாயில்வரை சமத்துவம் இருந்தது. வாயிலைத் தாண்டியதும் அது இல்லை. அரசாங்கம் கொடுக்கும் உரிமை எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வி அவருக்குப் பத்து வயதிலேயே எழுந்துவிட்டது. பின்னாளில் அவர் செய்த வேலையெல்லாம் இக்கேள்விக்கு விடை தேடியதுதான் என்பது எம் கருத்து.

அவர் கற்ற கல்வியைப் பலரும் விரிவாக எழுதியுள்ளனர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1912 இல் பி.ஏ.; பரோடா மன்னர் அளித்த உதவிச் சம்பளத்தால் 1913 இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம்; 1916 இல் லண்டன்; பின்னர் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம், பாரிஸ்டர் பட்டம். கொலம்பியாவில் ஜான் டூயி என்னும் தத்துவ ஆசிரியரிடம் பாடம் கேட்டது அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. குடியாட்சி என்பது ஆட்சிமுறை மட்டுமன்று, மக்கள் ஒருவரோடு ஒருவர் கூடி வாழும் முறை என்பது டூயியின் கொள்கை. இதனை அம்பேத்கார் தம் எழுத்துக்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாண்டார்.

ஆனால் 1917 இல் தாயகம் திரும்பி, படித்த கடனைத் தீர்க்கப் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் ஏற்றபோது கண்டது வேறு. அலுவலகச் சேவகர்கள் காகிதக் கட்டுகளை எட்ட நின்று அவர் மேசைமீது வீசினர். தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியொன்றில் தம்மை மறைத்துத் தங்கியவரை, தடி ஏந்திய கூட்டம் ஒன்று வந்து வெளியேற்றியது. பூங்காவில் அமர்ந்து கண்ணீர் விட்டு, அன்றிரவே பம்பாய்க்கு ரயிலேறினார். கடல் கடந்து பெற்ற பட்டங்களும் ஒரு மன்னரின் ஆதரவும் அவருக்கு ஓர் அறையை வாடகைக்குப் பெற்றுத்தர இயலவில்லை.

வாக்குரிமையைப் பற்றி அவர் முதன்முதல் பேசியது 1919 ஆம் ஆண்டு, சௌத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது. அக்காலத்தில் வாக்கு என்பது நிலவரி கட்டுவோர்க்கும் சொத்துடையோர்க்கும் உரிய பொருள். 1928 இல் சைமன் குழுவின் முன் அவர் தோன்றியபோது, வயது வந்த ஆண் பெண் எல்லார்க்கும் வாக்கு வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார். எழுத்தறியாதவன் வாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று அப்போது பலர் கேட்டனர். நம் காலத்திலும் இதனைக் கேட்பவர் உண்டு. நம் காலனியிலேயே மாலை வேளைகளில் கேட்டிருக்கிறோம். அவர் விடை எளியது. கல்வியை மறுத்தவர்களே கல்வியில்லை என்று காட்டி உரிமையையும் மறுப்பது நியாயமன்று. தன் வாழ்வைப் பாதிப்பது எது என்று அறிய ஒருவனுக்கு எழுத்து வேண்டுவதில்லை. பொதுக் காரியத்தில் கலந்துகொள்வதே ஒரு கல்வியாகும்.

சட்டம் ஏட்டில் இருப்பதும் நடப்பில் இருப்பதும் வேறு வேறு என்பதை மகாட் என்னும் ஊர் அவருக்கும் நாட்டுக்கும் காட்டியது. 1923 ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில் போலே என்பார் கொண்டுவந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது: அரசாங்கப் பணத்தால் அமைந்த குளம், கிணறு, பள்ளி, சத்திரம் யாவும் எல்லா வகுப்பார்க்கும் திறந்திருக்கவேண்டும். மகாட் நகரசபையும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. தீர்மானம் இருந்தது, தண்ணீர் எடுக்க எவரும் துணியவில்லை. 1927 மார்ச் 20 ஆம் நாள் அம்பேத்கார் ஆயிரக்கணக்கானோரை வரிசையாக அழைத்துச் சென்று, குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தோரும் குடித்தனர். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அன்று மாலையே அவர்கள்மேல் தாக்குதல் நடந்தது. குளத்தைத் தூய்மைப்படுத்துவதென்று சடங்குகள் நடந்தன. நகரசபை தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் தாழ்த்தப்பட்டோர்க்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. சட்டசபை வழங்கிய ஒரு கை நீருக்கு மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின!

1930 ஆம் ஆண்டில் லண்டன் வட்டமேசை மாநாட்டிற்குத் தாழ்த்தப்பட்டோர் சார்பில் சென்ற இருவரில் அவர் ஒருவர். மற்றவர் நம் தமிழ்நாட்டு இரட்டைமலை சீனிவாசன். தனித்தொகுதி பற்றி 1932 இல் காந்தியடிகளுக்கும் அவருக்கும் நேர்ந்த பிணக்கும், அடிகளின் உண்ணாநோன்பும், செப்டம்பர் 24 இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தமும் யாவரும் அறிந்தவை. ஒப்பந்தப்படி மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டன. தேர்தல் மட்டும் எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் பொதுத் தேர்தலாயிற்று. அதில் அவர் முழு மனநிறைவு கொண்டாரில்லை. ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்பவன் தாழ்த்தப்பட்டவன். அவனைத் தேர்ந்தெடுப்பவரோ பெரும்பாலும் மற்றவர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவன் யாருடைய பிரதிநிதி என்பது அவர் வினா. இருபதாண்டுகள் கழித்து இவ்வினா அவர் வாழ்விலேயே வந்து நின்றது.

1938 பிப்ரவரியில் நம் ரயில்வே சம்பந்தமான ஒரு மாநாடு நடந்தது. அப்போதைய ஜி.ஐ.பி. ரயில்வேயில் பணிபுரிந்த தாழ்த்தப்பட்ட வகுப்புத் தொழிலாளர்கள் மன்மாட் சந்திப்பில் கூடினர். அம்பேத்கார் தலைமை வகித்தார். அவர் அங்கு எடுத்துக் காட்டிய செய்தி ஊதியத்தைப் பற்றியதன்று. தாழ்த்தப்பட்டவன் ரயில்வேயில் சேர்ந்தால் தண்டவாளத்தில் கேங்மேனாகவே வாழ்நாளைக் கழிக்கிறான். போர்ட்டராகக்கூட வர முடிவதில்லை. ஏனெனில் நிலைய அதிகாரிகள் போர்ட்டரைத் தம் வீட்டு வேலைக்கும் பயன்படுத்திக் கொள்கின்றனர். வீட்டிற்குள் வரத்தகாதவன் போர்ட்டராக எப்படி வருவான்? தொழிலாளர்க்கு இரண்டு பகைகள் உண்டு, ஒன்று முதலாளித்துவம், மற்றொன்று பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் பார்ப்பனியம் என்று அவர் கூறினார். பார்ப்பனியம் என்று தாம் சொல்வது ஒரு சாதியாரை அன்று, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றை மறுக்கும் மனப்பான்மையை, அது எல்லா வகுப்பாரிடத்தும் இருக்கிறது என்றும் அங்கேயே விளக்கினார். இம்மாநாட்டைப் பற்றி ரயில்வே ஊழியர் பலருக்குத் தெரியாதது வியப்பே. கேங்மேன் வேலைக்கு இப்போது எல்லா வகுப்பாரும் போட்டியிட்டுத் தேர்வு எழுதுகின்றனர். ஆனால் நீண்ட காலம் பெட்டிகளின் கழிவு நேரே தண்டவாளத்தில் விழுந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993 இல் வந்தும், உயிரிக் கழிப்பறைகள் எல்லாப் பெட்டிகளிலும் பரவுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. நிலையத்துத் தண்டவாளங்களை அதுவரை துப்புரவு செய்தவர் எவ்வகுப்பார் என்று நம் வாசகர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆலைத் தொழிலாளர்க்கு வாரத்திற்கு 54 மணி என்றிருந்த வேலைநேரம் 48 மணியாகக் குறையும் சட்டம் அப்போது வந்தது. பின்னர் அரசியல் நிர்ணய சபைக்கு முதலில் வங்காளத்திலிருந்தும், பிரிவினைக்குப்பின் பம்பாயிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1947 ஆகஸ்டு 29 இல் அமைந்த வரைவுக் குழுவிற்கு அவர் தலைவரானார். குழுவில் நம்மவர் பலர் இருந்தனர் என்பது தமிழர்க்குப் பெருமை தருவதே. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் கோபாலசாமி ஐயங்காரும் தொடக்கம் முதல் உறுப்பினர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி பின்னர் சேர்ந்தார். அக்கிருஷ்ணமாச்சாரியே 1948 நவம்பரில் சபையில் எழுந்து, ஒருவர் இறந்தார், ஒருவர் விலகினார், சிலர் தொலைவில் இருந்தனர், ஆதலின் சட்டம் வரையும் சுமை முழுதும் அம்பேத்காரின் தோளிலேயே விழுந்தது என்று வெளிப்படையாகக் கூறினார். அப்போது அம்பேத்கார் நீரிழிவால் மெலிந்திருந்தார். 7,600 க்கு மேற்பட்ட திருத்தங்கள் அறிவிக்கப்பட்டு, 2,473 திருத்தங்கள் சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒவ்வொன்றிற்கும் விடை கூறவேண்டியவர் அவர். 395 ஷரத்துக்கள் கொண்ட அச்சட்டம் 1949 நவம்பர் 26 இல் ஏற்கப்பட்டது. அதன் 17 ஆம் ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. 326 ஆம் ஷரத்து இருபத்தொரு வயது நிரம்பிய எல்லார்க்கும் வாக்கைத் தந்தது. (1989 முதல் அது பதினெட்டு வயதாயிற்று.) 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுமார் 3 கோடிப் பேர்க்கே இருந்த வாக்கு, முதற் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர்க்குக் கிடைத்தது.

சட்டம் ஏற்கப்படுவதற்கு முதல்நாள் அவர் நிகழ்த்திய நிறைவுரை, வெற்றி விழாப் பேச்சன்று, எச்சரிக்கை. எவ்வளவு நல்ல சட்டமும் நடத்துவோர் தீயராயின் தீயதாகும் என்றார். குறைகளைத் தீர்க்கச் சட்ட வழியையே பற்றவேண்டும் என்றார். எப்பெரியவராயினும் ஒருவர் காலடியில் நம் சுதந்திரத்தை வைத்துவிடலாகாது. சமயத்தில் பக்தி வீடுபேற்றிற்கு வழியாகலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்திற்கே வழி என்றார். அரசியலில் ஒருவர்க்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு. சமுதாயத்திலும் பொருளிலுமோ சமத்துவம் இல்லை. இம்முரண்பாட்டை விரைவில் நீக்காவிடில் அல்லற்படுவோர் இவ்வமைப்பையே தகர்த்துவிடுவர் என்றும் கூறினார்.

பக்தியைப் பற்றிய எச்சரிக்கை தமிழராகிய நமக்கு நன்கு உறைக்கவேண்டும். தலைவரின் உருவத்தை வானளாவ நிறுத்திப் பாலூற்றும் வழக்கத்தில் நமக்கு இணை நாமே. அதே உரையில், பண்டை இந்தியாவில் பௌத்த பிட்சுக்களின் சங்கங்கள் தீர்மானம், வாக்கெடுப்பு முதலிய சபை முறைகளை அறிந்திருந்தன என்று அவர் பெருமையுடன் நினைவூட்டினார். நம் ஆண்டு விழா மேடைகளில் உத்தரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் நாம் பாராட்டுவது இதனோடு ஒத்ததே. ஆயினும் குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்குச் சொந்த நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டும் என்று அக்கல்வெட்டே கூறுவதை மேடையில் எவரும் சொல்வதில்லை.

புதிய ஆட்சியில் சட்ட அமைச்சராயிருந்த அவர், பெண்களுக்குச் சொத்திலும் மணவிலக்கிலும் உரிமை தரும் இந்து சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார். அது நான்கு ஆண்டுகள் இழுபட்டுக் கைவிடப்பட்டதும் 1951 செப்டம்பர் 27 இல் பதவியைத் துறந்தார். விலகியதற்கான காரணத்தைச் சபையில் கூற எழுந்தபோது, உரையின் நகலை முன்னதாகத் தரவேண்டும் என்று கேட்கப்பட்டதால் சபையை விட்டே வெளியேறிப் பத்திரிகைகளுக்கு அதனை அளித்தார். அச்சட்டத் தொகுப்பின் பகுதிகள் 1955, 1956 ஆம் ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்களாயின. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 இலும், நாடு முழுவதற்கும் 2005 இலும்தான் வந்தது. நம் சகோதரிகளில் எத்தனை பேர் அதனைக் கேட்டுப் பெற்றனர் என்பது வேறு கதை.

இனித் தேர்தலுக்கு வருவோம். 1952 ஜனவரியில் பம்பாய் வடக்குத் தொகுதியில் அம்பேத்கார் நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் இரண்டு வாக்கு. சோஷலிஸ்டுத் தலைவர் அசோக் மேத்தா அவருக்குத் துணை. இருவரும் தோற்றனர். காங்கிரஸ் வேட்பாளர் கஜ்ரோல்கர் சுமார் 14,500 வாக்கு மிகுதியால் அம்பேத்காரை வென்றார். எல்லார்க்கும் வாக்களித்த சட்டத்தை எழுதிய கை, அச்சட்டத்தின்கீழ் நடந்த முதல் தேர்தலிலேயே தோல்வியைப் பெற்றது.

1954 மே மாதத்தில், நம் ஊர்க்கு அருகிலுள்ள பண்டாராத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதியே. மீண்டும் அசோக் மேத்தாவும் அம்பேத்காரும் உடன் நின்றனர். அப்போது நடந்ததாக அவருடைய தொண்டர்கள் வழிவழியாகக் கூறும் செய்தி ஒன்றுண்டு. மேத்தாவின் ஆதரவாளர்கள் தங்கள் இரண்டாம் வாக்கை அம்பேத்காருக்கு இடுவர் என்னும் நம்பிக்கை தொண்டர்க்கு இல்லை. ஆகவே நம்மவரும் ஒரு வாக்கை மட்டும் இட்டு மற்றதை வீணாக்கட்டும் என்று அவரிடம் யோசனை கூறினர். அவர் இசையவில்லை. வாக்கைக் கொடுத்த சட்டத்தை எழுதியவனே வாக்கை வீணாக்கச் சொல்வதா, தோற்றாலும் சரி என்று மறுத்துவிட்டாராம். முடிவு தொண்டர்கள் அஞ்சியவாறே ஆயிற்று. அசோக் மேத்தா வென்றார். அம்பேத்கார் சுமார் 8,000 வாக்குகளில் தோற்றார். மேத்தாவிற்கு வாக்களித்தோரில் ஒரு பகுதியார் உடன் நின்றவரைக் கைவிட்டனர் என்பது இம்முடிவிலிருந்தே விளங்கும். வாக்குப் பெட்டிக்குள் இட்டது சீட்டு மட்டுமன்று. மசூர் நிலையத்து வண்டிக்காரனின் மனமும் உடன் சென்றது. இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன.

இவ்விரு தோல்விகளுக்கும் இடையே, 1952 டிசம்பரில், பூனா வழக்கறிஞர்கள் முன் குடியாட்சி வெற்றிபெறுவதற்கு எவை வேண்டும் என்று அவர் பேசினார். தோற்றவனின் கசப்பு அப்பேச்சில் இல்லை. இரத்தம் சிந்தாமல் மக்களின் பொருளியல் சமுதாய வாழ்வில் பெருமாற்றம் விளைவிக்கவல்ல ஆட்சிமுறையே குடியாட்சி என்று இலக்கணம் வகுத்தார். மாற்றம் விளைவிக்காத ஆட்சி எத்தனை தேர்தல் நடத்தினும் அவ்விலக்கணத்திற்கு வெளியே நிற்கும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. எதிர்க்கட்சி வேண்டும், ஏனெனில் ஆள்வோர் தம் செயலுக்குக் காரணம் காட்டவேண்டியது தம் கட்சியாரிடம் அன்று, மாற்றாரிடம். பெரும்பான்மை சிறுபான்மையை நசுக்கலாகாது. ஒருவனுக்கு இழைக்கப்படும் அநீதி கண்டு அதனால் பாதிக்கப்படாதவனும் கொதித்தெழும் பொது மனச்சான்று வேண்டும். இவற்றோடு, நிர்வாகம் கட்சி பார்க்கலாகாது என்பதையும் வற்புறுத்தினார். ஆளுங்கட்சிக்காரன் என்பதற்காகக் குற்றத்தை விட்டுவிட அதிகாரியை நெருக்குவது தொடங்கினால் சமத்துவம் அன்றே மாண்டது என்பது கருத்து. நம்மைப்போன்ற சிறு உத்தியோகஸ்தர்க்கு இஃது ஒன்றே நேராகப் பொருந்துவது. சீட்டில்லாமல் வந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்தபின் அபராதம் விதிப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் நிலைமை எந்தத் துறையில்தான் இல்லை?

1953 செப்டம்பரில், சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திர ராஜ்யம் பிரிவதற்கான மசோதா மேல்சபையில் விவாதிக்கப்பட்டபோது, சிறுபான்மையோர்க்குப் போதிய காப்பில்லை என்று வாதாடிய அவர், இச்சட்டத்தை முதலில் எரிப்பவன் நானாகவே இருப்பேன் என்னும் கருத்துப்படச் சொல்லிச் சபையைத் திகைக்கச் செய்தார். பின்னர் 1955 இல் அதற்கு விளக்கம் கேட்கப்பட்டபோது, தெய்வத்திற்கென்று எழுப்பிய கோயிலில் தெய்வம் குடியேறுமுன் அசுரன் புகுந்துவிட்டால் கோயிலை இடிப்பதன்றி வேறென் செய்வது என்னும் பொருள்படப் பதிலளித்தார்.

அவர் அஞ்சியவற்றுள் பல பின்னர் நேர்ந்தன. மாநில ஆட்சியைக் கலைக்கும் 356 ஆம் ஷரத்து பயன்படாத எழுத்தாகவே இருக்கும் என்று அவர் நம்பினார். அது நூறு முறைக்கு மேல் பயன்படுத்தப்பட்டுவிட்டது. 1975 ஜூன் முதல் 1977 மார்ச்சு வரை நெருக்கடி நிலையில் நாட்டின் உரிமைகள் முடக்கப்பட்டன. அதை முடித்து வைத்ததும் ஒரு தேர்தலே என்பதையும் மறைத்தல் கூடாது. ஆனால் எம் உள்ளத்தை அதிகம் வருத்துவது டில்லியில் நடந்ததன்று. நம் சொந்த நாட்டில் நடந்தது. 1996 முதல் 2006 வரை, மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில், ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் வகுப்பார்க்கு ஒதுக்கப்பட்டது என்னும் ஒரே காரணத்தால் முறையான தேர்தலே நடைபெறவில்லை. மனுச் செய்ய எவரும் துணியார். துணிந்து வந்து வென்றவரும் உடனே விலகுவார். மேலவளவு ஊராட்சித் தலைவர் 1997 ஜூன் மாதத்தில் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார். சட்டம் இருந்தது, தேர்தல் ஆணையம் இருந்தது, வாக்குப் பெட்டியும் போலீசும் இருந்தன. அரசாங்கம் நேராகத் தலையிட்டு 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டில் ஊர்தோறும் அம்பேத்காருக்குச் சிலை வைத்திருக்கிறோம். பல ஊர்களில் அச்சிலையைக் காக்கக் கம்பிக் கூண்டும் வைத்திருக்கிறோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அக்கூண்டைக் காட்டி ஏன் என்று கேட்டால் நாம் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

1956 அக்டோபர் 14 இல் இதே நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் அவர் பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6 ஆம் நாள் டில்லியில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். மறுநாள் பம்பாய் தாதர்க் கடற்கரையில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. பாரத ரத்தினம் விருது 1990 இல்தான் அளிக்கப்பட்டது.

அவ்விறுதி ஆண்டில் அவர் செய்த காரியம் ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. இருமுறை மக்களவைத் தேர்தலில் தோற்று, கண்ணொளி மங்கி, கால்கள் நடக்க மறுத்த நிலையில், 1956 ஜூலையில் பம்பாயில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சட்டசபைக்குப் போக விரும்பும் இளைஞர்க்குச் சட்டமும் பொருளாதாரமும் சபை நடைமுறையும் மேடைப் பேச்சும் கற்பிப்பதற்கான பள்ளி அது. சேர்ந்த மாணாக்கர் பதினைந்து பேர். அவர்களுக்கு வந்து பாடம் சொல்லவேண்டும் என்று எண்ணியிருந்தார். அதற்குள் டிசம்பர் வந்துவிட்டது.